எத்தனை வருஷத்துக்கு ரகசியம்

இதில் அவர் பெயர் வராது. வந்தால் வருத்தப்பட மாட்டார், கோபப்படுவார். கூரியர்காரர் கதவருகே நின்று "மேடம், உங்க பேரு?" என்று கேட்டாலே, "பார்சல்ல என்னா பேரு போட்டிருக்குன்னு நீங்க படிங்க. ஆமாவா இல்லையான்னு நான் சொல்றேன்" என்பவர். நான்கு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் மூன்று வருடம் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கிரில் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு மருத்துவமனைகளுக்கும் அவற்றுக்காக ரத்தம் எடுக்கும் மையங்களுக்கும் சோதனைக்கூடங்களுக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். கூடத்தில் முடிவு தெரிந்ததும் அது எங்கள் கம்ப்யூட்டர்கள் வழியாக டாக்டரின் திரைக்கும் நோயாளியின் போனுக்கும் போகும். சர்க்கரை, கர்ப்பம், எய்ட்ஸ், புற்று, எல்லாமே. நான் மேனேஜர். முதலாளி ஓய்வுபெற்ற டாக்டர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். எங்கள் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. இந்த முடிவுகள் போகிற வழியில் வேறு யாரும் எடுத்துப் படித்துவிடாதபடி பூட்டுப் போடுவதுதான் அந்த அம்மாவின் வேலை.

தொழிற்பேட்டையில் அவருக்கு சர்ட்டிபிகேட் அம்மா என்று பெயர். கீழே பட்டறை வைத்திருந்தவர் அதைக் கேட்டுவிட்டு, மகளின் சாதிச் சான்றிதழுக்காக ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒருநாள் மாடியேறி வந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"இது வேற சர்ட்டிபிகேட்டுங்க. ஆனா விஷயம் ஒண்ணுதான். நீங்க யாருன்னு நீங்களே சொன்னா ஆபீஸ்ல நம்புவாங்களா? தாசில்தார் சொல்லணும். அதுக்கும் ஒரு தேதி இருக்கும், அதுக்கப்புறம் செல்லாது. கம்ப்யூட்டரும் அப்டிதான். நாந்தான் லேப்னு ஒரு மெஷின் சொன்னா, ஆமா இது அதுதான்னு வேற யாராவது சாட்சி சொல்லணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அவருக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து அனுப்பினார்.

அந்த அம்மாவை வேலைக்கு எடுத்த அன்று, எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். சம்பளம், விடுமுறை என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"இந்த ரிப்போர்ட்டெல்லாம் எத்தன வருஷத்துக்கு ரகசியமா இருக்கணும் சார்?"

"சட்டப்படி எவ்ளோ வெச்சிருக்கணுமோ அவ்ளோ."

"வெச்சிருக்கறதக் கேக்கல. ஒரு பொண்ணு கர்ப்பத்தக் கலைச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. அது எத்தன வருஷத்துக்கு வெளிய வரக்கூடாது?"

"அது சாவற வரைக்கும்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டு, தானே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு தெரிந்தது, அவர் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் கேட்பார் என்று. குடை வாங்கினாலும் எத்தனை வருஷம், ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டாலும் எத்தனை வருஷம். கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா, என்னான்னு சொல்லுங்க" என்று எதற்கோ கெஞ்சியபோது, "எவ்ளோ நாளைக்கு சொல்லமாட்ட? நாளைக்கு நமக்குள்ள சண்ட வந்தா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். அந்தப் பெண் அதற்குப்பிறகு அவரிடம் சாப்பாட்டு விஷயம் மட்டும்தான் பேசினாள்.

சேர்ந்த முதல் வருடம் முழுக்க அவர் ஒரு பட்டியல்தான் தயாரித்தார். எந்த மையத்தில் எந்த மெஷின், அதில் என்ன பூட்டு, எந்தச் சாட்சிச் சான்றிதழ், அது எந்தத் தேதியில் முடிகிறது, பொறுப்பு யார். நாற்பது இருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கும்னா எண்ணிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். ஒவ்வொரு மையமாகப் போய், மேசைக்கடியிலும் பரணிலும் தேடினார். ஒரு மையத்தில் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால், யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அந்த வட்டாரத்து எய்ட்ஸ் சோதனை முடிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியல் முடிந்தபோது இருநூற்றுக்கு மேல் இருந்தது. அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு அவரிடம் ஒரு பயம் வந்துவிட்டது. ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வேறு எதைத் தோண்டி எடுப்பாரோ என்கிற பயம்.

அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை நடக்கவேண்டும் என்பது என் கவலை. அவர் ஒவ்வொன்றிலும் காலை ஊன்றி நின்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஒரு பெரிய மருத்துவமனைக்கு முடிவுகள் போவது நின்றது. எங்கள் மெஷின் ஒன்றின் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. தேதி கடந்த சாட்சியை மருத்துவமனையின் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. எதை அனுப்பினாலும் நீ யாரென்று தெரியாது என்று திருப்பியது. அந்த மெஷின் அவர் பட்டியலில் இருந்தது. அதைப் பராமரித்த வெளி ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால், அந்த வரியைக் கோடு போட்டு அடித்தவன் நான். அவர்களுடைய போன் அணைந்து கிடந்தது.

பத்து மணிக்கு அந்த மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஒருவர் போனில் கத்தினார். டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்கு மூச்சுத் திணறல், நாடி தாறுமாறாக ஓடுகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று உடனே தெரியவேண்டும். முடிவு கூடத்தில் தயார். வழிதான் அடைத்திருக்கிறது.

நான் எழுந்து எதிர் மேசைக்குப் பாய்ந்தேன். "ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல அந்தச் சரிபாக்கறத மட்டும் இங்கேந்தே கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க. உள்ள இருக்கறது நம்ம மெஷின்தான்னு நமக்குத் தெரியும்ல?"

"நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எப்டி சார் தெரியும்? சரிபாக்கலன்னா எவன் வேணா நாந்தான் லேப்னு ஒரு நம்பர அனுப்பலாம்."

"இப்ப எவன் அனுப்பப் போறான்? அங்க ஒருத்தர் சாவக் கெடக்கறாரு!"

"அதனாலதான் மாட்டேன்றேன்."

"இது ஆர்டர்."

"எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தாலும் மாட்டேன்."

அறையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். டாக்டர் அழைத்த எண்ணுக்கு அவர் திருப்பி அழைக்கவில்லை. தன் நோட்டில் குறித்து வைத்திருந்த வார்டு எண்ணுக்குப் போட்டார். இன்னொரு போனில் கூடத்து டெக்னீஷியன். நோயாளியின் பெயரை வார்டில் சொல்லச்சொன்னார், பிறந்த தேதியைச் சொல்லச்சொன்னார், கூடத்தில் இருந்த தாளோடு ஒத்துப்பார்த்தார். பிறகு எண்ணைச் சொன்னார். அங்கே எழுதிக்கொண்டதைத் திருப்பிப் படிக்கச்சொல்லிக் கேட்டார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்காது. வைத்துவிட்டு, "மீதி ரிப்போர்ட்டும் இப்டியே படிக்கலாம் சார், அவசரமானத எடுத்துக் குடுங்க" என்றார்.

பதினொன்றரைக்குப் புதுச் சான்றிதழ் ஏறியது. நோயாளி பிழைத்தார். மறுநாள் பட்டியலில் நான் அடித்த வரி திரும்ப வந்திருந்தது. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருடம்தான் அவர் முசியேயிடம் நேரம் கேட்டு, பூட்டுகளையே மாற்றவேண்டும் என்றார். இருப்பவை நன்றாகத்தானே இருக்கின்றன என்றார் முசியே.

"இன்னிக்கு நல்லாதான் இருக்கு முசியே. இதெல்லாம் ஒரு கணக்க நம்பி நிக்குது. ரெண்டு பெரிய நம்பரப் பெருக்கறது சுலபம். பெருக்கி வந்ததப் பாத்து, அது எந்த ரெண்டுன்னு கண்டுபுடிக்கறதுக்கு இப்ப இருக்கற கம்ப்யூட்டருக்கு ஆயுசு பத்தாது. குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்காங்க. அது பெருசா வந்துச்சுன்னா அந்தக் கணக்கப் போட்டுடும். அதாலயும் போட முடியாத வேற கணக்குல புதுப் பூட்டு வந்திருக்கு."

"வந்துடுச்சா?"

"இல்ல."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"சரி. வரட்டும், அப்ப மாத்திக்கலாம்."

"அப்ப மாத்தினா அன்னியிலேந்து போறதுதான் பத்திரம் முசியே. அதுக்கு முன்னாடி போனத இன்னிக்கே ஒருத்தன் நகல் எடுத்து வெச்சிருந்தான்னா? காத்திருந்து தொறப்பான்."

முசியே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நோயாளிகளைத் தொந்தரவு செய்யாமல், எந்தெந்த மெஷின் புதுப் பூட்டைத் தாங்கும் என்று சோதித்து மட்டும் பார்க்க அனுமதி கிடைத்தது. பாதி இடங்களில் பூட்டை மாற்றவே முடியாதபடி மென்பொருளை எழுதியிருக்கிறார்கள் என்று வந்து சொன்னார். கீழே பட்டறையில் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. "பூட்ட கதவோட சேத்து வெல்டு வெச்சிருக்காங்க சார். பூட்டுன்னா கழட்டி மாத்தற மாதிரி இல்ல இருக்கணும்?"

அந்தச் சோதனைக்காகத்தான் ஒரு மையத்துக்குப் போனார். மதியம் திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"கதவ சாத்தட்டுமா சார்?"

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், சாத்தினார். அந்த மையத்தில் இன்டர்நெட் வருகிற பெட்டியின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லை, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தது. யாரோ அதற்குள் புகுந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளியே போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், எங்கோ வெளிநாட்டில் ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதமாக.

"படிச்சிட்டானா?"

"இல்ல சார். எல்லாம் பூட்டினதுதான். ஒரு எழுத்து படிக்க முடியாது."

எனக்கு உயிர் வந்தது. "அப்புறம் என்னா? பூட்டுன பெட்டியத்தான எடுத்துட்டுப் போயிருக்கான்."

"படிக்க முடியாத பெட்டிய ஏழு மாசமா எதுக்கு சார் எடுக்கறான்?"

அந்த இன்டர்நெட் பெட்டியை அவர் அங்கேயே கழற்றி, வேறொன்று மாட்டிவிட்டு வந்திருந்தார். போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. நம்மை எதற்குக் குறிவைக்கிறான் என்று கேட்டேன். "நம்மளன்னு இல்ல சார். வலையப் போட்டு வாரியிருப்பான். வந்ததுல நாமளும் இருக்கோம்."

மருத்துவமனைகளுக்குச் சொல்லவேண்டும் என்றார் அவர். முசியே மறுத்தார். எதுவும் திறக்கப்படவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, இருபது வருடத்தில் சம்பாதித்த பெயரை ஒரு அனுமானத்துக்காக அழிப்பதா? முசியே சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால், எனக்குப் பயமாக இருந்தது, அதற்கு நியாயம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்த திங்கட்கிழமை என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பதினோரு மருத்துவமனைகளுக்கும். நடந்தது என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த மாதிரிச் சோதனைகள், இன்று படிக்க முடியாது, பின்னால் முடியலாம். கீழே கையெழுத்துக்கு இடம்.

"நீங்களே போட்டு அனுப்பலாமே" என்றேன்.

"நான் போட்டா, வேலைக்காரி பொலம்பறான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. மேனேஜர் போட்டாத்தான் படிப்பாங்க."

நான் அதை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை புதுத் தேதி போட்டு இன்னொன்று. அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னொன்று. கேட்கவும் இல்லை, நினைவுபடுத்தவும் இல்லை. எதிர் மேசையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தார். நான் தலைநிமிரும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்காமல் இருந்தார். என் நாற்காலி அந்த மூன்று வாரம் உறுத்தியது போல எப்போதும் உறுத்தியதில்லை.

அப்போதுதான் என் மகள் அமலியின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையனுக்குக் காரைக்கால். எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இவனுக்கும் இவளுக்கும் மணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் சபையில் கேட்பார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் அமலி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். நான் ஒரு டெஸ்ட் எடுத்தேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமான்னு."

என் மனைவி மார்புப் புற்றில் போனவள். அவள் அக்காவும். பரம்பரையாக வருகிற அந்தக் கோளாறுள்ள ஜீன் அமலிக்கும் இருந்தது. நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வர வாய்ப்பு அதிகம், அடிக்கடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பிறக்கும் பிள்ளைகளுக்கும் போகலாம்.

"யாருக்கும் தெரியவேண்டாம்ப்பா. கொஞ்ச நாளைக்கு."

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "எங்கம்மா எடுத்த? எந்த மாசம்?" என்றேன். அவள் சொன்ன இடம் அந்த மையம். மாதம் அந்த ஏழில் ஒன்று.

மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே நான் அலுவலகத்தில் இருந்தேன். நான்காவது கடிதத்தோடு வந்தார். வாங்கி, பதினோரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "எம் பொண்ணு ரிப்போர்ட்டும் அதுல இருக்கா?" என்றேன்.

"எந்த மையம், எந்த மாசம் சார்?"

சொன்னேன்.

"இருக்கும்."

ஒரு ஆறுதல் வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அப்போது அது கல்நெஞ்சாகப் பட்டது.

அந்த வாரம் நாங்கள் இருவரும் என் காரில் ஒவ்வொரு மருத்துவமனையாகப் போனோம். சில இடங்களில் உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒரு இடத்தில் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார்கள். அவர் எல்லா இடத்திலும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னார்: ஆமாம், போயிருக்கிறது, ஆமாம், எங்கள் பொறுப்பு. எங்களுக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது என்பதையும் நான் மறைத்துவிடாதபடி அவரே முந்திச் சொன்னார். கடலூர் ரோட்டில் திரும்பி வரும்போது நான் வாய்விட்டுக் கேட்டேன், உங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று.

"எங்க அக்காவுக்கு பத்தொம்பது வயசுல கையில ஒரு தேமல் வந்துச்சு சார். தொட்டா தெரியாது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். பெருவியாதி, குஷ்டம்னாங்க. ஆறு மாசம் மாத்திர, சரியாயிடும்னாங்க. சரியாயிடுச்சு. ஆனா அங்க மருந்து எடுத்துக் குடுக்கறவரு எங்க ஊருல டீ குடிக்கறப்ப யார்கிட்டயோ சொல்லிட்டாரு."

நான் வண்டியை மெதுவாக்கினேன்.

"வியாதி ஆறு மாசத்துல போயிடுச்சு. சேதி போவல. முப்பது வருஷம் ஆவுது. இன்னிக்கும் எங்க அக்கா குழாயில தண்ணி புடிச்சா, அடுத்து வர்றவங்க குழாயக் கழுவிட்டுதான் புடிக்கறாங்க."

தவளக்குப்பம் சந்திப்பு வந்தது. அங்கே இறங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் இரண்டாம் ஓலை. அமலியிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று முறை அவள் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். கடைசியில் அவருக்குத்தான் போன் செய்தேன். மதியம் ஸ்கூட்டரில் வந்தார். காபி வேண்டாம் என்றார். அமலியை எதிரே உட்காரவைத்து, மருத்துவமனைகளில் சொன்ன அதே குரலில் சொன்னார். அமலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிச்சீங்களா ஆன்ட்டி?"

"இல்ல. படிக்க முடியும். சாவி எங்கிட்டதான் இருக்கு. படிக்கல. என்னா டெஸ்டுன்னுகூட எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாத."

"எடுத்தவன் படிப்பானா?"

"இன்னிக்கு முடியாது. பத்து வருஷம் கழிச்சா, இருவது வருஷம் கழிச்சா, தெரியாது. எப்பவுமே முடியாதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

அமலி என் பக்கம் திரும்பினாள். "உங்க கம்பெனிலதானப்பா? நான் உங்க கம்பெனின்னுதான் தைரியமா அங்க போய்க் குடுத்தேன்."

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எனக்குப் பின்னால் அவர் குரல் மட்டும் கேட்டது. "கோவப்படு. படணும். அப்பாவையும் திட்டு, என்னையும் திட்டு. ஆனா ஒண்ணு சொல்றேம்மா. யாருக்குத் தெரியணும்னு நீ நெனைக்கறியோ, அவங்களுக்கு நீயே சொல்லிடு. இன்னிக்கு சொன்னா அது உன்னோட சேதி. நாளைக்கு எவனோ சொன்னா அது ஊரோட சேதி."

அமலி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவர் கிளம்பவில்லை. நாங்கள் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, "நாளைக்கு காரைக்கால்லேந்து அவரு வராராம். நேர்ல பேசணுமாம். ஓலைய நிறுத்தச் சொல்லுங்கப்பா" என்றாள்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். இரண்டாம் ஓலை அந்த ஞாயிறு வாசிக்கவில்லை, அடுத்த ஞாயிறும் இல்லை. பையன் வந்தான், கடற்கரை ரோட்டில் இருவரும் நடந்தார்கள், அவன் யோசிக்க அவகாசம் கேட்டுப் போனான். ஏழு வாரம் வீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டினோம், சாப்பிட்டோம், அவ்வளவுதான். எட்டாவது வாரம் அவனே வந்து சாமியாரைப் பார்த்தான். கல்யாணம் நடந்தது. அவன் அம்மா மட்டும் வரவில்லை. இன்றுவரை அமலியிடம் சரியாகப் பேசுவதில்லை. பேத்தி பிறந்தபோது வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

மூன்று மருத்துவமனைகள் எங்களை விட்டுப் போயின. முசியே ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் மாடியேறி வந்து, நேராக அவரிடம் போய், "உங்க புதுப் பூட்டு எல்லா இடத்துலயும் போட எவ்ளோ நாள் ஆவும்?" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பட்டியல் இல்லாதிருந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. வரி வரியாகப் போனோம். வெல்டு வைத்த இடங்களில் மென்பொருளையே மாற்றி எழுதவைத்தோம். எடுத்துக்கொண்டு போனவனிடம் இருப்பது மட்டும் அவனிடம் இருக்கிறது. அமலி முதல்முதலாக வருடாந்தரப் பரிசோதனைக்குப் போன அன்று அதை நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போதும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி மையம் முடிந்த வாரத்தில் வேலையை விடுவதாகச் சொன்னார். அக்காவைக் கூட்டிக்கொண்டு, தங்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லாமல் இருக்க வேண்டியிருக்கும், அது அவருக்குச் சங்கடம்.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கேக் வாங்கி வைத்திருந்தோம். அதை அப்புறம் வெட்டலாம் என்று என்னையும், தன் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஆளையும் பக்கத்தில் கூப்பிட்டார். தன்னுடைய அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கச் சொன்னார். தன்னிடம் இருந்த சாவிகளுக்குப் பதில் புதுச் சாவிகளை அந்த ஆளையே உண்டாக்கச் சொல்லி, அவர் தட்டும்போது தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றோம்.

"நம்பக்கூடாது சார். பாக்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு வருடமாக நுழைந்த வழியில் தன் பாஸ்வேர்டைத் தட்டினார். அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. வேறொரு வழியில் முயன்றார், மறுத்தது. அவருக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு வழி இருந்தது போலிருக்கிறது. அதிலும் நிதானமாக முயன்று பார்த்தார். அதுவும் மறுத்தது.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பற்கள் தெரிய, சின்னப் பெண்போலச் சிரித்தார்.

"அவ்ளோதான். இனிமே என்னாலகூட உள்ள வர முடியாது" என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு கேக் சாப்பிட வந்தார்.